வண்டிக்குக் கீழே இருந்தவன்

அன்று அங்கே இருந்தவர்கள்:

லியோனார்ட். வயது ஐம்பத்தாறு. பாடாங் செராயில் அப்பா கட்டிய வீட்டில் அம்மாவோடு இருக்கிறான்.

அக்னஸ். அவனுடைய அம்மா. எண்பத்தொன்று. காது நன்றாகக் கேட்கும். கேட்காத மாதிரி இருக்கவும் தெரியும்.

பசுபதி. அதே தெருமுனையில் வாகன உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். தன் கடையில் இருப்பதைவிட அடுத்தவர் வீட்டுக் கொட்டகையில் அதிக நேரம் இருப்பவர்.

ஒரு டீசல் பிக்கப். 1988-இல் செய்தது. ஒன்பது வருடமாக நிறுத்திய இடத்திலேயே நிற்பது.

அலன். லியோனார்டின் தம்பி. இல்லை.

1

அலன் என்பது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் திரையை விலக்கிக் காட்டுகிற வேலை எனக்கு வேண்டாம். நான் இல்லாத ஒரு சனிக்கிழமையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். கதைக்குள் அலன் வரும்போதெல்லாம் அவனை அவன் என்றே எழுதப் பார்க்கிறேன். எங்காவது தவறி 'நான்' வந்துவிட்டால் அடிக்காமல் விட்டுவிடுவேன்.

கதை வந்த வழி இது. போன மாதம் குருணில் ஒரு கல்யாணம். பசுபதி அண்ணன் பாடாங் செராயிலிருந்து வந்திருந்தார். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"தம்பி, ஒங்க அண்ணன் ஹெட்டக் கழட்டிட்டாரு."

எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. இஞ்சினின் மேல்பாதியைத்தான் ஹெட் என்பது. கீழே பிஸ்டன் ஓடும் பிளாக், அதற்கு மூடி மாதிரி மேலே ஹெட், இரண்டுக்கும் நடுவே அட்டைக் கனத்தில் ஒரு கேஸ்கெட். ஹெட்டைக் கழற்றிவிட்டால் அந்த இஞ்சின் இதுவரை பட்ட பாடெல்லாம் கண்ணால் பார்க்கக் கிடைத்துவிடும். பாயசம் வருவதற்குள் பாதியைச் சொன்னார். கை கழுவுகிற இடத்தில் மீதியைச் சொன்னார். நான் குழாயை மூட மறந்து நின்றேன்.

வீட்டுக்கு வந்து முதல் வரி மூன்று எழுதிப் பார்த்தேன்.

'தார்ப்பாயை விலக்கியபோது ஒன்பது வருடத் தூசி எழுந்தது.' (வேண்டாம். அம்மா அந்தத் தார்ப்பாயை வாரம் ஒருமுறை கழுவிவிடுகிறவள். எழுவதற்குத் தூசியே கிடையாது.)

'லியோனார்ட் தம்பியை நினைத்துக்கொண்டே ஸ்பானரை எடுத்தான்.' (பொய். ஸ்பானரை எடுக்கிறவன் பதினான்காம் நம்பரா, பதினேழா என்றுதான் நினைப்பான்.)

'ஒருவன் குற்றம் செய்யவில்லை என்று தெரிந்துகொள்ள ஒன்பது' (நிறுத்திவிட்டேன். வழக்கறிஞர் நோட்டீஸ் மாதிரி இருந்தது.)

ஆகவே தொடக்கம் இல்லாமலே போகிறேன்.

2

அப்பா சூசை எஸ்டேட் லோரி ஓட்டியவர். பிக்கப்பை இரண்டாம் கையாக வாங்கி வந்த அன்றே, இது பட்டறைக்குப் போகாது என்று சொல்லிவிட்டார். கொள்கை எல்லாம் இல்லை. பாடாங் செராயில் இருந்த மூன்று பட்டறைக்காரர்களோடும் அவருக்கு ஏற்கெனவே சண்டை. நாலாவது பட்டறை கூலிமில் இருந்தது. அவ்வளவு தூரம் போய்ச் சண்டை போட அவருக்குச் சோம்பல்.

அதனால் சனிக்கிழமைகளில் இரண்டு மகன்களும் வண்டியைப் பிரித்தார்கள். லியோனார்ட் மேலே, அலன் கீழே. லியோனார்டுக்கு வயிறு இருந்தது, அலனுக்கு இல்லை. வேலை பிரிந்த விதம் அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ரேடியோவும் துத்தநாகக் கூரையில் விழுகிற மழையும் சேர்ந்தால் மேலே சொல்வது கீழே கேட்காது. அதற்காக ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். லியோனார்ட் ஸ்பானரால் சேசிஸில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நட்டைத் திருப்பு. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் வெளியே வா.

கீழே படுத்திருக்கிறவனுக்கு அண்ணன் என்பது முழங்காலுக்குக் கீழே உள்ள ஒரு ஜோடி கால்தான். நீல வார் வைத்த ஜப்பான் சிலிப்பர். இடது பெருவிரல் நகம் கறுப்பு, பேட்டரி விழுந்தது. அந்தக் காலை வைத்தே அலன் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வான். குதிகால் தூக்கியிருந்தால் போல்ட்டு அசையவில்லை. ஒரு கால் இன்னொரு காலைச் சொறிந்தால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று மறந்துவிட்டான். இரண்டு காலும் திடீரென்று காணாமல் போனால் மைலோ ஐஸ் வந்துவிட்டது. பக்கக் கண்ணாடியில் பிளாஸ்டிக் பையோடு மாட்டி வைத்திருப்பார்கள். மூன்று தட்டுக் கேட்கும். எண்ணெய்க் கையோடு வெளியே வந்து, ஒரே பையில் இரண்டு ஸ்ட்ரா போட்டு, நாற்பது வயதை நெருங்கிய இரண்டு ஆண்கள் குடிப்பார்கள்.

(இங்கே அரைப் பக்கம் இருந்தது. ரப்பர்ப் புகைக்கூண்டின் வாசம், மூன்று மணி மழை, கண்ணில் சொட்டிய கியர் எண்ணெய். கிழித்துவிட்டேன். நன்றாக வந்திருந்தது, அதனாலேயே. எனக்கு அந்த வாசம் வேண்டாம், அந்தக் கால் இரண்டும் வேண்டும்.)

3

அப்பா இறந்த பிறகும் வண்டி எட்டு வருடம் ஓடியது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, அலன் அதில் தன் கட்டிலையும் அலமாரியையும் ஏற்றிக்கொண்டு குருணுக்குப் புறப்பட்டான். அங்கே ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு இரவு வேலை. தினமும் போய்வர முடியாமல் அறை எடுத்திருந்தான். அன்று காலைதான் வேலை முடிந்து வந்திருந்தான்.

பீடோங்கைத் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. பிறகு பானட்டின் இடுக்கெல்லாம் வெள்ளையாகப் புகை. பிறகு நின்றுவிட்டது. லியோனார்ட் நண்பனுடைய லோரியில் வந்து சேர்ந்து, ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்தான். சொட்டுத் தண்ணீர் இல்லை.

"சூட்டு முள்ளப் பாத்தியா?"

"பாத்தேன். ஏறவே இல்ல."

"ஏறாம எப்படிடா வெந்துபோகும்? செவப்புல போய் நின்னிருக்கும். கண்ணு தெறந்திருந்தாத்தானே தெரியும்."

"தூங்கல அண்ணே."

"ராத்திரி பூரா வேல. காலையில ரெண்டு ரொட்டி. ஏர்கோன் வேற. தூங்காம என்ன பண்ணே, செபமால சொன்னியா?"

வீட்டுக்கு இழுத்து வந்த பிறகு அம்மாவுக்கு முன்னால் லியோனார்ட் ஒரே ஒரு தடவை சொன்னான்: "அப்பாவோட காடியக் கொன்னுட்டான்." அம்மா உடனே, "தாப்பா, பரவால்ல, விடு. நைட் ஷிப்ட் முடிச்சு வந்த பிள்ள, கண்ணு அசந்திருக்கும்" என்றாள்.

அலன் அதற்குப் பிறகு அந்த வீட்டில் தங்கவில்லை. கிறிஸ்மசுக்கும் ஈஸ்டருக்கும் போவான், சாப்பிடுவான், திரும்பிவிடுவான். அண்ணன் தட்டை நகர்த்தி வைப்பான், பேச மாட்டான். போகும்போதெல்லாம் அம்மா அவன் நெற்றியில் சிலுவை போட்டு, "அத நெனச்சிக் கவலப்படாதடா. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்பாள்.

செய்யாத ஒன்றுக்காக வருடத்துக்கு இரண்டு தடவை மன்னிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று ஒரு பத்தி எழுதலாம். எழுதவில்லை. இதை மட்டும் சொல்கிறேன்: மூன்றாவது வருடத்தில் நானே நம்பத் தொடங்கினேன். பீடோங் வரைக்குமான சாலையை ஒவ்வொரு மரமாக நினைவில் ஓட்டிப் பார்ப்பேன். எங்கேயோ ஒரு மரம் விடுபட்டிருக்கும். அங்கேதான் தூங்கியிருப்பேன் என்று முடிவு செய்வேன். இரவு வேலையை விட்டதும் அப்போதுதான்.

4

இப்போது ஒரு சிக்கல். ஒன்பது வருடம் தொடாத இஞ்சினை லியோனார்ட் ஏன் திறந்தான்?

முதலில் பழைய இரும்புக்காரன் ஒருவனை வரவழைத்து எழுதினேன். திங்கட்கிழமை வண்டியை வெட்டி எடுத்துப் போவதாகச் சொல்கிறான்; லியோனார்ட் கடைசியாக ஒருதடவை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறான். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. அடுத்து அவனுக்கு ஒரு நோய் கொடுத்துப் பார்த்தேன். அண்ணனுக்கு நோய் கொடுப்பது கை கூசியது. அதையும் அடித்தேன்.

என் கதையில் நான் நம்பாத ஆள் லியோனார்ட்தான். அவன் ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொல்லி நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் தன் தீர்ப்பைத் தானே திறந்து பார்ப்பானா?

பசுபதி அண்ணன் சொன்ன காரணம் சின்னது. அதனால் நம்புகிறேன்.

ஜூலையில் லியோனார்ட் தன் சின்னக் காரில் கரங்கானுக்குப் போய்க்கொண்டிருந்தான். வழியில் இனிப்பு வாடை மாதிரி ஏதோ வந்தது. தண்ணீர் ஹோஸ் வெடித்து ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருந்தது. அவன் முள்ளைப் பார்த்தான். அது ஏறவில்லை. சாவதானமாகக் கீழே இறங்கி, குளிர்ந்த பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல், இன்னும் ஒரு நிமிடம் அதையே பார்த்தான். செம்பனைத் தோட்டத்து ஓரம், ஆள் நடமாட்டம் இல்லை. அந்த ஒரு நிமிடத்தில் அவன் தன் சொந்தக் காரைப் பாழாக்கியிருக்கலாம். அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தான்.

புது ஹோஸ் வாங்கக் கடைக்கு வந்தவன் கேட்டானாம்:

"அண்ணே, தண்ணி போச்சுன்னா முள்ளு எறங்குமா?"

"தண்ணி சுட்டாத்தானே முள்ளு ஏறும். தண்ணியே இல்லேன்னா அதுக்கு எப்படித் தெரியும்? காத்துல நின்னுக்கிட்டு, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லும். ஏன் கேக்கற?"

லியோனார்ட் கண்ணாடி அலமாரியைக் காட்டினான்.

"பழசுக்கு ஹெட் கேஸ்கெட் ஒன்னு எடுங்க."

"எந்தப் பழசு?"

"ஒங்களுக்குத் தெரியும்லா."

5

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. லியோனார்ட் பானட்டைத் திறந்து துடைப்பக்கட்டையால் முட்டுக்கொடுத்தான். பசுபதி ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றார். பிறகு மதியம் வரைக்கும் ஒவ்வொரு நட்டுக்கும் அபிப்பிராயம் சொன்னார்.

வால்வு மூடி கழன்று வந்தது. ராக்கர் வந்தது. புகைக்குழாயில் சிக்கியது. அதன் இரண்டு நட்டும் வண்டிக்குக் கீழேயிருந்துதான் திரும்பும். லியோனார்ட் மேலே இருந்தபடி நீளமான ஸ்பானரை உள்ளே விட்டுத் தடவினான். வயிறு இடித்தது. மூச்சு வாங்க நிமிர்ந்தான். பிறகு, பசுபதி அண்ணன் சத்தியம் செய்து சொல்கிறார், ஸ்பானரைத் திருப்பிப் பிடித்துச் சேசிஸில் ஒரு தட்டுத் தட்டினான்.

"கீழ ஆளே இல்ல தம்பி. நான் குனிஞ்சு பாத்தேன். சிமெண்டுத் தரதான்."

(இது நடந்ததா என்று எனக்குத் தெரியாது. பசுபதி அண்ணன் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர். ஆனால் எங்கள் தட்டுக் கணக்கை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவராகக் கற்பனை செய்திருந்தால், ஏன் சரியாக ஒரு தட்டு?)

லியோனார்ட் கடைசியில் தானே கீழே படுத்தான். நுழைய ஐந்து நிமிடம், வெளியே வரப் பத்து. கீழே கிடந்தபோது அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்த்திருப்பான். பசுபதியின் கால்கள் தெரிந்திருக்கும். வேறொன்றும் நான் எழுதவில்லை.

ஹெட்டைப் பிடித்திருப்பது பதினெட்டுப் போல்ட்டு. கழற்றிய இடத்துக்கே அவை திரும்பிப் போக வேண்டும், மாறக் கூடாது. வரிசையாகக் குத்தி வைக்க அட்டை தேடிக் கொட்டகை மூலையில் கைவிட்டபோது ஒரு மைலோ பெட்டியின் மூடி அகப்பட்டது. அதில் ஏற்கெனவே பதினெட்டு ஓட்டை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண், அலன் கையெழுத்தில். பதினொன்றுக்குப் பக்கத்தில் மட்டும் பால்பாயிண்டில் எழுதியிருந்தது: 'இது அண்ணன் மாதிரி. லேசில் அசையாது.'

"என்ன சிரிக்கிற?" என்றார் பசுபதி.

"ஒன்னும் இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு லியோனார்ட் அந்த அட்டையையே பயன்படுத்தினான். பதினொன்று அன்றைக்கும் அசையவில்லை. டீசல் ஊற்றி ஊறவைத்து, ஸ்பானரில் குழாயை நீட்டுக்குப் போட்டு, இரண்டு பேரும் தொங்கித்தான் திறந்தார்கள்.

6

ஹெட்டைத் தூக்கித் தார்ப்பாயின்மேல் கவிழ்த்து வைத்தார்கள். ஓட்டியவன் தூங்கி வெந்துபோன இஞ்சின் என்றால் ஹெட் வளைந்திருக்கும், அவ்வளவுதான். இது வளைந்தும் இருந்தது. ஆனால் லியோனார்ட் பார்த்தது அதை அல்ல. அலுமினியத்தில் தண்ணீர் ஓடும் துளைகளைச் சுற்றி, எலி கடித்த ரொட்டி மாதிரி அரித்துப்போயிருந்தது. வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குத் தண்ணீர் தானே வழி வெட்டிக்கொண்டு போயிருந்தது.

"இது ஒரு நாள்ல வந்தது இல்ல. வருசக் கணக்கா தின்னிருக்கு" என்றார் பசுபதி. "உள்ளுக்குள்ளேயே ஒழுகி, தண்ணி பூரா அந்த வழியா போயிருக்கு. யாரு ஓட்டியிருந்தாலும் அன்னைக்கு நின்னிருக்கும்."

லியோனார்ட் அந்தப் பொருக்கையே சுரண்டிக்கொண்டிருந்தான்.

அம்மா தேத்தண்ணீரோடு வந்தாள்.

"என்னடா, ரெண்டு பேரும் பொணத்தச் சுத்தி நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

"பாருங்கம்மா. தண்ணி ஓடற வழியெல்லாம் அரிச்சுப் போச்சு."

"கடல் தண்ணி ஊத்துன மாதிரி இருக்கு அக்கா" என்றார் பசுபதி.

"கடல் தண்ணிய யாரு ஊத்தப்போறா? நான் தீர்த்தந்தான் ஊத்துவேன்."

லியோனார்ட் நிமிர்ந்தான். "என்ன தீர்த்தம்?"

"ஈஸ்டர் தீர்த்தம்டா. ராத்திரிப் பூசையில மந்திரிக்கிறது. ஃபாதர் வந்தா பானட்டுல ரெண்டு சொட்டுத் தெளிச்சிட்டுப் போயிடறாரு. எரியறது உள்ள, தெளிக்கிறது வெளிய. அது எப்படி உள்ள போகும்? அதான் நான் அந்த மூடியத் தெறந்து ஒரு போத்தல் ஊத்திடுவேன். ஒங்கப்பா செத்த வருசத்துலேருந்து. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம்."

"வெறும் தண்ணிதானே அக்கா?" பசுபதி கோப்பையை வாய்க்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

"ஒரு பிடி உப்பும் போடுவேன்."

"உப்பா?"

"மந்திரிச்ச உப்பு! சாதா உப்பா போடுவேன்? கோயில்ல குடுக்கறது. பேயி பிசாசு அண்டாது." பிறகு ஹெட்டைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அந்த வருசம் அலன் தூரமாப் போறானேன்னு ரெண்டு பிடி போட்டேன்."

7

இந்த இடத்தில் லியோனார்ட் என்ன சொன்னான் என்பதுதான் கதை. நான் நான்கு விதமாக எழுதினேன்.

முதலாவதில் அவன் உண்மையைச் சொல்கிறான். உப்பு அலுமினியத்தைத் தின்னும், வண்டியைக் கொன்றது நீங்கள்தான் அம்மா, அலன் இல்லை என்கிறான். அம்மா தேத்தண்ணீர்த் தட்டைக் கீழே வைக்கிறாள். வைத்த பிறகு என்ன செய்வாள் என்று எழுத முயன்றேன். அவள் தன் கையைப் பார்ப்பாள். அந்த வாக்கியத்தை முடிக்க

(அப்படியே விட்டிருக்கிறேன்.)

இரண்டாவதில் அவன் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான். நான்தான் தண்ணீர் மாற்றாமல் விட்டேன் என்கிறான். நல்ல முடிவு. அம்மாவும் தப்பிப்பாள், அலனும் தப்பிப்பான். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். லியோனார்டுக்கு அது தோன்றியிருக்காது. தோன்றவில்லை.

மூன்றாவதில் பசுபதி பேசுகிறார். நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்று அவரிடம் நான் கேட்டபோது, "அது ஒங்க வீட்டு விசயம் தம்பி" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

நான்காவது, நடந்தது. லியோனார்ட் கந்தல் துணியால் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாக. பிறகு சொன்னான்:

"அதனாலதாம்மா இத்தன வருசம் ஓடுச்சு."

அம்மாவின் முகம் விரிந்தது. "பாத்தியா? நான் சொல்லல? அலன் மட்டும் அன்னைக்குத் தூங்காம இருந்திருந்தா இன்னும் ஓடியிருக்கும். பாவம், பிள்ள. அவன ஒன்னும் சொல்லாத லியோ."

லியோனார்ட் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடியே.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. நான் அவன் இடத்தில் இருந்திருந்தாலும் அவன் சொன்ன அந்த வாக்கியத்தையே சொல்லியிருப்பேன். எண்பத்தொரு வயதுப் பெண்ணிடம், நீ காப்பாற்றப் போட்ட இரண்டு பிடிதான் கெடுத்தது என்று யார் சொல்வார்கள்? எனக்கு அந்தப் பொய்யின்மேல் கோபம் இல்லை. அதற்கு அடுத்து வந்த மௌனத்தின்மேல்தான். அந்த மௌனத்தில் அவன் என்னை இரண்டாம் தடவை வண்டிக்குக் கீழே தள்ளினான். இந்தத் தடவை தெரிந்தே தள்ளினான்.)

8

அடுத்த மூன்று சனிக்கிழமைகளைச் சுருக்கிவிடுகிறேன். சுங்கை பட்டாணியில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடையில் பசுபதி ஒரு ஹெட் பிடித்துக் கொடுத்தார். லியோனார்ட் அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்துத் தேய்த்து மட்டம் பார்த்தான். பிளாக்கின் தண்ணீர் வழியைக் கம்பி விட்டுக் குடைந்து, மூன்று தடவை கழுவினான். புது கேஸ்கெட். அட்டையிலிருந்து ஒன்று முதல் பதினெட்டு வரை போல்ட்டுகள், அதே இடத்தில், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் இறுக்கினான். பதினொன்றை இறுக்கும்போது என்ன முகத்தோடு இருந்தான் என்று பசுபதி அண்ணனிடம் கேட்டேன். "முதுகுதான் தெரிஞ்சுச்சு" என்றார்.

நாலாவது தடவை சாவியைத் திருப்பியபோது பிடித்துக்கொண்டது. முதலில் நீலமாகப் புகை. பிறகு அந்தச் சத்தம், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. அண்டை வீட்டுச் சேவல் பயந்து கூவியது. லியோனார்ட் உள்ளே உட்கார்ந்தபடி ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். சந்தோஷமா, முதுகுவலியா என்று பசுபதியால் சொல்ல முடியவில்லை.

அப்போது அம்மா போத்தலோடு வந்தாள்.

"மூடியத் தெற."

லியோனார்ட் இறங்கி வந்தான். ரேடியேட்டருக்கும் அம்மாவுக்கும் நடுவே நின்றான். ஐம்பத்தாறு வயது ஆள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோல்கீப்பர் மாதிரி நின்றான் என்றார் பசுபதி.

"இதுல வேணாம்மா."

"ஏன்டா?"

லியோனார்ட் பானட்டுக்குள் பார்த்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் கண்ணாடி கழுவுகிற தண்ணீருக்கென்று ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. ஒன்பது வருடமாகக் காய்ந்து கிடந்தது.

"இதுல ஊத்துங்க. ஸ்விட்ச்ச அமுக்குனா கண்ணாடி பூரா தெளிக்கும். எப்ப வேணும்னாலும் தெளிச்சிக்கலாம். ஃபாதர் வரணும்னு இல்ல."

அம்மா யோசித்தாள். எண்பத்தொரு வயதில் அவளை ஏமாற்றுவது லேசான வேலை அல்ல. "உள்ளுக்கு?" என்றாள்.

"உள்ளுக்குப் போட்டதே இன்னும் இருக்கும்மா."

அவள் ஊற்றினாள். உப்பும் போட்டாள். லியோனார்ட் உள்ளே ஏறி ஸ்விட்சை அமுக்கினான். இரண்டு சின்ன ஊற்று கிளம்பிக் கண்ணாடியில் விழுந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பசுபதி நெற்றிவரை கை கூப்பினார், சைவர் என்றாலும். "தீர்த்தம்னா தீர்த்தந்தானே தம்பி" என்றார் என்னிடம்.

9

பசுபதி அண்ணனுக்குத் தெரிந்தது இத்தோடு சரி. இனி நான் முடிக்க வேண்டும். முடிவுகளை எழுதி அடுக்கி வைத்திருக்கிறேன்.

வண்டியைத் திரும்பத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறான். (நடக்கக்கூடியது.)

எனக்குப் போன் செய்கிறான். (நடக்காது. அவனிடம் என் எண் இல்லை. அம்மாவின் போனில் இருக்கிறது. அவள் முன்னால் கேட்டு வாங்க மாட்டான்.)

கிறிஸ்மசுக்கு நான் போகிறேன். தட்டை நகர்த்தி வைக்கும்போது மெதுவாக, "முள்ளு எறங்குச்சுடா" என்கிறான். நான் (எழுதவில்லை.)

இந்த மூன்றில் நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கதையை மூடிவிடத்தான் இன்று காலை உட்கார்ந்தேன். பத்து மணி இருக்கும். முடிக்க முடியவில்லை, தெருவில் சத்தம்.

தகர டப்பாவில் கல்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். வண்டி கேட்டுக்கு முன்னால் நிற்கிறது. இஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடியில் வைப்பர் போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு, உப்புக் காய்ந்தது. அந்தக் கோடுகளுக்குப் பின்னால், முன் இருக்கையில் அம்மா. மடியில் கைப்பை. என்னை மன்னிக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் இருக்கும்போது அவனால் எதையும் சொல்ல முடியாது. தெரிந்தேதான் கூட்டி வந்திருக்கிறானா? சொல்லாமல் தப்பிப்பதற்கா? அல்லது நான் சொல்வதென்றால் சொல்லட்டும் என்று அதை என்னிடமே விடுவதற்கா? மூன்று வாரமாக இந்த ஆளை எழுதுகிறேன், இன்னும் தெரியவில்லை.

அவன் இறங்குகிறான். வயிறு பெருத்திருக்கிறது, கையில் ஸ்பானர். கேட்டை ஒட்டி வந்ததும் அதன் கீழே இருக்கிற இடைவெளியில் கால் மட்டும் தெரிகிறது. சிலிப்பர் புதுசு. நகம் அதே கறுப்பு.

இரும்புக் கேட்டில் ஒரு தட்டு.

இரண்டு.

இத்தோடு விட்டானென்றால் நிறுத்து என்று அர்த்தம். நான் பேனாவை வைத்துவிட வேண்டியதுதான். குதிகால் தூக்கியிருக்கிறது. இன்னும் தூக்கியே இருக்கிறது.

மூன்று.

அம்மாவிடம் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. உப்பைச் சொல்லலாம். தூங்கிவிட்டேன் அம்மா என்றும் சொல்லலாம், அதுவும் இப்போது எனக்குக் கைவந்துவிட்டது. எதைச் சொல்வேன் என்பது வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் தெரியும். எழுதிக் கொண்டுவருவேன் என்று காத்திருக்காதீர்கள். உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதை அவளிடம் சொல்லிக்கொள்ளுங்கள், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நானும் அப்படித்தான் செய்யப்போகிறேன்.

கடைசி வரியை எழுந்திருக்கும் முன்பே எழுதி வைக்கிறேன். பிறகு உள்ளே எழுத ஆள் இருக்காது.

அலன் வெளியே வந்தான். கதவைச் சாத்தினான். பூட்டினான்.